25 லட்சம் கிலோமீட்டர் காது!

விண்வெளியில் மூன்று கலங்கள். இடையில் லேசர் கதிர்கள். ராட்சதக் கருந்துளைகள் ஒன்றோடொன்று கலக்கும் அதிர்வைப் பிடிக்கத் தயாராகிறது ‘லிசா’.

2016 பிப்ரவரி 22. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஐரோப்பிய விண்கலம் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் வயிற்றுக்குள் இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு ஒன்றாக இரண்டு கனசதுரக் கட்டிகள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 46 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 2 கிலோ. தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கலந்து செய்தவை. தங்கத்தை மட்டும் நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டியில் சுமார் 175 சவரன் இருக்கும்.

ராக்கெட் கிளம்பும் குலுக்கலில் கட்டிகள் எதிலும் இடித்துவிடக் கூடாது என்று உலோக விரல்கள் அவற்றை இறுகப் பிடித்திருந்தன. பிப்ரவரி தொடக்கத்தில் அந்த விரல்கள் விலக ஆரம்பித்தன. 15, 16 தேதிகளில் கடைசிப் பிடியும் விட்டது. அதன்பின் ஒரு வாரம் மின்விசை மட்டும் கட்டிகளைக் கைத்தாங்கலாக வைத்திருந்தது. 22-ஆம் தேதி, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து போன கட்டளை அந்தத் தாங்கலையும் விலக்கியது.

இப்போது கட்டிகளைத் தொட்டுக்கொண்டு எதுவுமே இல்லை. சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெற்றிடம், அதற்கப்பால் பெட்டியின் சுவர். கட்டி ஈர்ப்பு ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டுத் தன் போக்கில் விழுந்துகொண்டே இருக்கிறது. விண்கலம் அதைச் சுமக்கவில்லை. அதை இடித்துவிடாமல் கூடவே போகிறது. தூங்கும் குழந்தையின் தொட்டிலை அசைக்காமல் வீட்டையே நகர்த்துவது போன்ற வேலை.

38 சென்டிமீட்டர் இடைவெளியில் மிதந்த அந்த இரு கட்டிகளின் தூரத்தை ஒரு லேசர் கதிர் அளந்துகொண்டே இருந்தது. அந்த விண்கலத்தின் பெயர் லிசா பாத்ஃபைண்டர். ‘உலகத்தின் எந்தத் தொந்தரவும் தீண்டாத ஒரு பொருளை மனிதனால் உருவாக்க முடியுமா?’ என்ற ஒரே கேள்விக்காக அனுப்பப்பட்டது. முடியும் என்று ஜூன் மாதம் முடிவு வெளியானது. கட்டிகளின் மேல் மிச்சமிருந்த தொந்தரவு, பூமியில் ஒரு வைரஸின் எடை என்ன இருக்குமோ அந்த அளவுதான். எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு மேலான அமைதி.

அந்த அமைதியை நம்பித்தான் 2035-இல் மூன்று விண்கலங்கள் கிளம்பப்போகின்றன.

அதிரும் பூமியில் கேட்காத ஒலி

கட்டிகள் விடுபட்டதற்குச் சரியாக 11 நாள் முன்பு, அதாவது பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் லிகோ ஆய்வகம் ஈர்ப்பு அலையைப் பிடித்துவிட்டதாக அறிவித்திருந்தது. உலகமே கொண்டாடிய செய்தி அது. சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் மோதி ஒன்றாயின. கலந்தபின் மிஞ்சியது 62 மடங்கு. காணாமல்போன மூன்று சூரியன்களின் நிறை முழுவதும் ஆற்றலாகி, காலவெளியின் நடுக்கமாகப் பரவியது. அந்த நடுக்கம்தான் 2015 செப்டம்பர் 14 அன்று நம்மைக் கடந்துபோனது. எல்லோரையும்தான் கடந்தது. நாம் உணரவில்லை, அவ்வளவுதான்.

லிகோவின் கைகள் 4 கிலோமீட்டர் நீளம். அலை கடந்தபோது அந்த நீளம் மாறியது ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை அளந்ததற்காக ரெய்னர் வைஸ், கிப் தார்ன், பாரி பாரிஷ் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இத்தனை கூரிய கருவி இருக்கும்போது விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்? காரணம் பூமியேதான்.

மெரினாவில் நின்று பாருங்கள். காலை நனைக்கும் சிற்றலை நொடிக்கொன்று வரும். நடுக்கடலில் எழும் பெரிய அலை மெதுவாக வரும். ஓதம் ஏறி இறங்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். எல்லாமே ஒரே கடலின் அசைவுதான், ஆனால் ஒன்றைப் பார்க்கும் கண்ணுக்கு மற்றது தெரியாது. லிகோ பிடிப்பது சிற்றலைகளை, அதாவது நொடிக்குப் பத்து முதல் ஆயிரக்கணக்கான முறை வரை துடிக்கும் அலைகளை. லட்சக்கணக்கான சூரியன்களின் நிறை கொண்ட ராட்சதக் கருந்துளைகள் சுற்றும்போது எழும் அலை ஒருமுறை எழுந்து அடங்கவே நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஆகும்.

அந்த மெதுவான அசைவைப் பூமியில் நின்று கேட்க முடியாது. தரை எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. கடல் அலை கரையில் மோதுவது, லாரி போவது, காற்று மரத்தை அசைப்பது எல்லாமே தரையை ஆட்டும். ஊசல்களும் ஸ்பிரிங்குகளும் வைத்து அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். தடுக்கவே முடியாத ஒன்று உண்டு. தலைக்கு மேல் ஒரு மேகம் நகர்ந்தால், அடியில் நிலத்தடி நீர் ஊறினால், அந்த நிறையின் ஈர்ப்பு கருவியின் கண்ணாடியை நேராகவே இழுக்கும். ஈர்ப்பை மறைக்கச் சுவர் கிடையாது. பூமியை விட்டு வெளியே போவது ஒன்றே வழி.

பெட்டிச் செய்தி: லிசா, எண்களில்

▪ மூன்று விண்கலங்கள், முக்கோண அமைப்பு. ஒரு பக்கம் 25 லட்சம் கி.மீ. பூமிக்கும் நிலவுக்கும் இடையிலான தூரத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல்.
▪ பூமிக்குப் பின்னால் ஏறத்தாழ 5 கோடி கி.மீ. தள்ளி, சூரியனைச் சுற்றும்.
▪ கலத்துக்கு இரண்டு வீதம் ஆறு தங்க-பிளாட்டினக் கட்டிகள், ஆறு தொலைநோக்கிகள்.
▪ லேசர் ஒரு கலத்திலிருந்து அடுத்ததைச் சேர 8 நொடிக்குக் கொஞ்சம் மேல்.
▪ ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரி 25 அன்று இறுதி ஒப்புதல் தந்தது. 2035-இல் ஏரியான் 6 ராக்கெட்டில் ஏவத் திட்டம்.

இரண்டு வாட் வெளிச்சம்

லிசாவின் பெருமையை விளக்க அதன் நீளத்தைச் சொன்னால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது அந்த லேசரின் எளிமை. அதன் திறன் சுமார் 2 வாட். வீட்டில் இரவு விளக்குக்குப் போடும் குட்டி எல்.இ.டி. பல்பின் அளவு மின்சாரம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அலைநீளம் 1,064 நானோமீட்டர்.

30 சென்டிமீட்டர் அகலத் தொலைநோக்கி வழியாகக் கிளம்பும் அந்தக் கதிர் 25 லட்சம் கிலோமீட்டர் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஒரு நகரத்தையே மூடும் அகலம். அந்தப் பரப்பில் எதிர்க் கலத்தின் 30 சென்டிமீட்டர் கண்ணாடியில் விழுவது எவ்வளவு இருக்கும்? ஒரு வாட்டை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு எடுத்தால், அதிலும் பாதிதான். அதைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரச் சொன்னால் வீடு வந்து சேர ஒளித்துகளே மிஞ்சாது. அதனால் லிசாவில் ஒளி திரும்பி வருவதில்லை. வந்த மங்கலான கதிரின் அலை ஏற்ற இறக்கத்தை எதிர்க் கலம் கவனித்து, அதே தாளத்தில் தன் சொந்த லேசரைப் பதிலாக அனுப்பும். முதற்பாடகர் விட்ட இடத்தில் சுருதி பிசகாமல் பின்பாட்டு எடுப்பதைப் போல.

ஈர்ப்பு அலை கடந்தால் இரு கலங்களின் கட்டிகளுக்கு இடையிலான தூரம் ஒரு சில பிகோமீட்டர் மாறும். ஒரு பிகோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அணு ஒன்றின் விட்டமே நூறு பிகோமீட்டருக்கு மேல். அப்படியானால் 25 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், ஓர் அணுவின் அகலத்திலும் சிறு பகுதியே ஆன அசைவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ஒளியின் குறுக்கீட்டு விளைவு உதவுகிறது. இரண்டு ஒளியலைகள் சேரும்போது மேடும் மேடும் சந்தித்தால் வெளிச்சம், மேடும் பள்ளமும் சந்தித்தால் இருட்டு. தூரம் கொஞ்சம் மாறினாலும் இந்த வெளிச்ச இருட்டின் நிலை நகரும். ஆல்பர்ட் மைக்கல்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திய உத்திதான். லிகோவும் அதையே செய்கிறது.

ஆனால் அளக்கும் அளவுகோலைவிட அளக்கப்படும் பொருள் முக்கியம். கட்டி தானாக நகர்ந்தால் அளந்து என்ன பயன்? அதனால்தான் கட்டியைப் பாதுகாக்க இத்தனை பாடு. தங்கமும் பிளாட்டினமும் ஏன்? தங்கத்தைக் காந்தம் மிக லேசாக விலக்கும், பிளாட்டினத்தைக் காந்தம் லேசாக ஈர்க்கும். தங்கம் 73, பிளாட்டினம் 27 என்ற விகிதத்தில் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து, காந்தம் பொருட்படுத்தாத உலோகமாகிவிடுகிறது. கனமும் அதிகம் என்பதால் சிறு தள்ளலுக்கு அசையாது.

சூரிய ஒளிக்கே அழுத்தம் உண்டு. அது விண்கலத்தைத் தள்ளும். தள்ளியவுடன் கலம் கட்டியை நெருங்கும். உடனே மைக்ரோநியூட்டன் அளவு விசை தரும் நுண்ணிய உந்திகள் கலத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தும். ஒரு கொசுவின் எடை அளவு விசைகூட இவற்றில் பெரிய விசை. விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்கள் கட்டியில் மின்னூட்டம் ஏற்றிவிடும். மின்னூட்டம் ஏறினால் சுவர் கட்டியை இழுக்கும். அதற்காகப் புறஊதா ஒளியைக் காட்டி அந்த மின்னூட்டத்தை வடிய விடுகிறார்கள். பாத்ஃபைண்டரில் இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

தொலைநோக்கியின் கதையும் இப்படியே. வெப்பத்தால் அது கொஞ்சம் நீண்டாலும் அந்த நீட்சி ஈர்ப்பு அலை போலவே தெரியும். அதனால் வெப்பத்துக்கு அநேகமாக விரியவே விரியாத ஜெரோடுர் என்ற கண்ணாடிப் பீங்கானில் செய்கிறார்கள். நாசா 2024-இல் தன் முழு அளவு மாதிரித் தொலைநோக்கியை மேரிலாந்தின் காடர்ட் விண்வெளி மையத்துக்குக் கொண்டுவந்தது. அதன் முதன்மைக் கண்ணாடிக்குப் பொன் பூச்சு.

திருவிழா ஸ்பீக்கரும் ஒரு புனேக்காரரின் இயற்கணிதமும்

இங்கே ஒரு சிக்கல், அதன் தீர்வில் இந்தியக் கை.

எந்த லேசரும் துல்லியமாக ஒரே நிறத்தில் இருக்காது. அதன் அதிர்வெண் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே இருக்கும். லிகோவில் இரண்டு கைகளும் சம நீளம் என்பதால் இரு கதிர்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, தள்ளாட்டம் தானாகவே கழிந்துவிடும். லிசாவின் முக்கோணம் அப்படி இல்லை. மூன்று கலங்களும் தனித்தனிப் பாதையில் சூரியனைச் சுற்றுவதால் பக்கங்கள் ஆண்டு முழுவதும் நீண்டு குறுகியபடி இருக்கும். நேரம் பிந்தி வரும் கதிர்களைக் கழித்தால் தள்ளாட்டம் போகாது. அந்தத் தள்ளாட்டமோ ஈர்ப்பு அலையின் தடயத்தைவிடக் கோடி மடங்கு அளவுக்குப் பெரியது.

ஊர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவின் இரு முனையிலும் குழாய் ஸ்பீக்கர். ஒரே பாட்டுதான், ஆனால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் காதில் விழும். நடுவில் எங்கோ ஒரு குழந்தை முனகுகிறது, கேட்கவில்லை. இரு ஸ்பீக்கர்களின் ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்துவைத்து, எது எவ்வளவு பிந்தியது என்று தெரிந்துகொண்டு, அந்த அளவு நகர்த்திக் கழித்தால் பாட்டு மறையும். முனகல் மட்டும் மிஞ்சும்.

இந்தக் கணக்கின் அடிப்படையை 1999-இல் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தைச் சேர்ந்த மாசிமோ டிண்டோவும் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங்கும் வெளியிட்டார்கள். எந்தெந்தத் தாமதங்களில் எந்தெந்தப் பதிவுகளைச் சேர்த்தால் சத்தம் முழுவதும் அடிபடும் என்பதைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2002-இல் புனே அயூகா மையத்தின் சஞ்சீவ் துரந்தர், ராஜேஷ் நாயக், பிரெஞ்சு அறிஞர் ஜான்-ஈவ் வினே ஆகியோர் அந்தத் தேடலை இயற்கணிதமாக்கினார்கள். பல்லுறுப்புக் கோவைகளின் கணிதத்தைக் கொண்டு, சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளையும் முறையாகத் தருவிக்க வழி சொன்னார்கள். ஐரோப்பாவின் விண்கலம் கேட்கப்போகும் ஒலியைச் சலித்துத் தரும் கணிதத்தில் புனேயில் எழுதிய பக்கங்களும் உண்டு. நம் பாடப் புத்தகங்களில் ஏறவேண்டிய செய்தி இது.

என்னதான் கேட்கும்?

முதலில் ராட்சதர்கள். நம் பால்வீதியின் நடுவில் சுமார் 40 லட்சம் சூரிய நிறை கொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. பெரிய விண்மீன் திரள்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் நடுவிலும் இப்படி ஒன்று உண்டு. இரண்டு திரள்கள் மோதிக் கலந்தால் அவற்றின் கருந்துளைகளும் காலப்போக்கில் ஒன்றை ஒன்று சுற்றிக் கலக்கும். அந்த மோதலை மனிதர் இதுவரை நேரடியாகக் கேட்டதே இல்லை. லிசாவுக்கு அது மிக உரத்த ஒலி. பேரண்டத்துக்குச் சில பத்துக் கோடி வயதே ஆகியிருந்த காலத்தில் நடந்த மோதல்கள்கூட அதன் எல்லைக்குள் வரும்.

இது ஏன் முக்கியம்? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பேரண்டத்தின் இளமைக் காலத்திலேயே மிகப் பெரிய கருந்துளைகளைப் பார்த்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அவை எப்படிப் பெருத்தன? சிறிய கருந்துளைகள் சேர்ந்து சேர்ந்து வளர்ந்தனவா, அல்லது பெரிய வாயு மேகங்கள் நேரடியாகக் குலைந்து பெரிதாகவே பிறந்தனவா? ஒளியை வைத்து மட்டும் தீர்க்க முடியாத வழக்கு. எந்தக் காலத்தில், எந்த எடைக் கருந்துளைகள், எத்தனை முறை கலந்தன என்ற பட்டியல் கிடைத்தால் தீர்ப்பு சொல்லலாம். என் பார்வையில் லிசாவின் பெருங்கொடை இந்தப் பட்டியல்தான்.

இன்னொரு பயன், முன்னறிவிப்பு. லிகோவில் முதல் நிகழ்வு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே கேட்டது. லிசாவில் ராட்சதர்களின் நெருக்கம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் முன்பே கேட்கத் தொடங்கும். மோதல் எப்போது, வானில் எந்தப் பக்கம் என்று மற்ற தொலைநோக்கிகளிடம் சொல்லலாம். அவை அந்தப் பக்கம் திரும்பிக் காத்திருக்கலாம்.

இரண்டாவது, சிறியதும் பெரியதும் சேரும் கூட்டு. பத்துச் சூரிய நிறை கொண்ட ஒரு குட்டிக் கருந்துளை ராட்சதக் கருந்துளை ஒன்றில் சிக்கிக்கொண்டால் உடனே விழுந்துவிடாது. பல்லாயிரம் முறை, லட்சம் முறைகூடச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ராட்சதனைச் சுற்றியுள்ள காலவெளி எப்படி வளைந்திருக்கிறது என்று எழுதியபடியே போகும். ஐன்ஸ்டைனின் சமன்பாடு எங்காவது பிசகுகிறதா என்று பார்க்க இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது.

மூன்றாவது நம் வீட்டுக்கே உரியது. சூரியன் போன்ற விண்மீன்கள் எரிந்து முடித்தபின் மிஞ்சும் உடல், வெண் குறுமீன். அது சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் நிறை தாங்காது என்று கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன கப்பலில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. பால்வீதியில் இரண்டு வெண் குறுமீன்கள் ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றும் இணைகள் ஏராளம். ஒரு சுற்றுக்கு 7 நிமிடம்கூட எடுக்காத இணை ஒன்றை 2019-இல் கண்டுபிடித்தார்கள். 5.4 நிமிடத்தில் சுற்றும் எச்.எம். கேன்க்ரி என்ற இணையும் உண்டு. யோசித்துப் பாருங்கள், நாம் ஒரு காபி போட்டுக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகின்றன. இவை லிசாவுக்கு உறுதியான ஒலி மூலங்கள். ஆய்வு தொடங்கிய சிறிது காலத்தில் இவை கேட்கவில்லை என்றால் கருவியில்தான் கோளாறு.

இப்படிப்பட்ட இணைகளில் பல்லாயிரத்தை லிசா தனித்தனியாக அடையாளம் காணும். மீதமுள்ள கோடிக்கணக்கானவை சேர்ந்து ஓயாத இரைச்சலாக ஒலிக்கும். சில இணைகள் கலக்கும்போது சந்திரசேகர் சொன்ன எல்லையைத் தாண்டி வெடிக்கக்கூடும். பேரண்டம் விரியும் வேகத்தை அளக்க வானியலாளர்கள் நம்பியிருப்பது இந்த வகை வெடிப்புகளைத்தான். வெடிக்கப்போகிறவை எவை என்ற தேடலுக்கு அவர் பெயர் தாங்கிய எல்லையே இன்றும் அளவுகோல்.

பெட்டிச் செய்தி: ஒரே கடல், பல வலைகள்

▪ லிகோ, விர்கோ, காக்ரா: தரையில் இயங்குபவை. வேகமான அலைகள். இதுவரை 300-க்கும் மேற்பட்ட மோதல்கள்.
▪ லிகோ-இந்தியா: மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டம். 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல்.
▪ பல்சார் (துடிப்பு விண்மீன்) கண்காணிப்பு: அலை ஒருமுறை எழுந்து அடங்க ஆண்டுகள் ஆகும் மிக மெதுவான அலைகள். 2023 ஜூனில் உலகக் குழுக்கள் வெளியிட்ட ஆதாரத்தில் புனே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் தரவும் உண்டு.
▪ சீனாவின் தைஜி, தியான்சின்: லிசாவைப் போன்ற விண்வெளித் திட்டங்கள். இரண்டும் 2019-இல் தலா ஒரு சோதனைச் செயற்கைக்கோளை அனுப்பிவிட்டன.

நிலத்தடி நீர் வரை வந்த லேசர்

‘எங்கோ கருந்துளை மோதினால் நமக்கு என்ன?’ இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வரிப்பணத்தில் நடக்கும் வேலையைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். பதிலும் இருக்கிறது.

கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. கீழே நிறை கூடிய இடம் வந்தால் முன்னது கொஞ்சம் முந்தி இழுக்கப்படும், இடைவெளி மாறும். அந்த இடைவெளியை மைக்ரோ அலையால் அளந்து, தரைக்கு அடியில் நீர் கூடுகிறதா குறைகிறதா என்று கணக்கிட்டார்கள். 2009-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல்போனதைக் காட்டியது. கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்காமல் விண்ணிலிருந்து எடைபோட்ட கணக்கு. நம் நாட்டின் நீர்க் கொள்கை விவாதத்தில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் எண் அது.

2018 மே மாதம் அதன் வாரிசு கிளம்பியது. இரண்டு செயற்கைக்கோள்களும் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கின்றன. இந்த முறை மைக்ரோ அலையோடு ஒரு லேசர் குறுக்கீட்டுமானியும் சோதனைக்காக வைக்கப்பட்டது. உருவாக்கியவர்கள் ஜெர்மனியின் ஹனோவரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகமும். லிசாவுக்காகப் பல ஆண்டுகள் உழைத்த அதே இடங்கள்தான். பறக்கும் இரு கலங்களுக்கு இடையே லேசர் குறுக்கீட்டு அளவீடு நடந்தது உலகில் அதுவே முதல்முறை. தூரத்தை நானோமீட்டர் அளவில் சொன்னது. அடுத்து வரவிருக்கும் கிரேஸ்-சி திட்டத்தில் லேசரே முதன்மைக் கருவி. ராட்சதக் கருந்துளைகளைத் தேடி உருவாக்கிய உத்தி, பெரும் நிலப்பரப்புகளில் நிலத்தடி நீர் வற்றுவதைச் சொல்லும் கருவியாக நம்மிடம் வந்துவிட்டது. லிசா இன்னும் கிளம்பக்கூட இல்லை.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1980-களில் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள ஜிலா ஆய்வகத்தில் பீட்டர் பெண்டரும் ஜேம்ஸ் ஃபாலரும் விண்வெளி லேசர் முக்கோணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். நிலவில் அப்போலோ வீரர்கள் 1969-இல் வைத்த பிரதிபலிப்பான்களில் லேசரைப் பட்டுத் திரும்பவைத்த குழுவில் இருந்தவர்கள் இருவரும். 1993-இல் ஐரோப்பாவிடம் முறையான முன்மொழிவு போனது. பின்னர் நாசாவும் ஐரோப்பாவும் சம பங்காளிகள் ஆயின.

2011-இல் நிதி இல்லை என்று நாசா விலகியது. ஐரோப்பிய அறிஞர்கள் திட்டத்தைச் சுருக்கினார்கள். மூன்று பக்க முக்கோணம் இரண்டு கையாகக் குறைந்தது, 50 லட்சம் கிலோமீட்டர் 10 லட்சமானது. அடுத்த ஆண்டு நடந்த தேர்வில் அந்தச் சுருக்கிய திட்டமும் தோற்றது, வியாழனின் நிலவுகளுக்குப் போகும் திட்டம் ஜெயித்தது. அந்தக் காலத்தில் இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த இளைஞர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களைத் தாங்கியது பாத்ஃபைண்டர்தான். அது வெற்றி பெற்ற பிறகு, 2017-இல் முக்கோணம் முழுமையாக மீண்டது. நாசாவும் லேசர், தொலைநோக்கி, மின்னூட்டம் வடிக்கும் கருவி ஆகியவற்றைத் தர முன்வந்தது. 2025 ஜூனில் ஜெர்மனியின் ஓ.எச்.பி. நிறுவனத்தோடு விண்கலம் கட்டும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதே 2025-இல் இன்னொரு செய்தி வந்தது. 2026 நிதியாண்டுக்கான அமெரிக்க அதிபரின் பட்ஜெட் முன்மொழிவில் லிசாவிலிருந்து நாசா விலகும் யோசனை இருந்தது. லிகோவின் இரண்டு நிலையங்களில் ஒன்றை மூடும் யோசனையும் கூடவே இருந்தது. முன்மொழிவு வேறு, அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்கும் நிதி வேறு. ஆனால் இப்படியோர் எண்ணம் எழுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிலையத்தில் மட்டும் அதிர்வு வந்தால் அது வானத்தின் அலையா, பக்கத்துத் தரையின் ஆட்டமா என்று உறுதி செய்வது கடினம். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் மங்கிவிடும். இரண்டு காதில் ஒன்றைப் பொத்திக்கொள்வது பாதிச் செலவு மிச்சம் ஆகாது.

ரெய்னர் வைஸ் லிகோவுக்கான அடிப்படைக் குறிப்பை எழுதியது 1972. அலை சிக்கியது 2015. பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தோடு குழந்தையாக அமெரிக்கா வந்த அவர், 2025 ஆகஸ்ட் 25 அன்று 92 வயதில் காலமானார். அவருக்காவது பலனைப் பார்க்கக் கிடைத்தது. 1916-இல் ஈர்ப்பு அலையைக் கணித்த ஐன்ஸ்டைனுக்கு அதுவும் இல்லை. இப்படிப்பட்ட வேலையை நான்கு ஆண்டுத் தேர்தல் கணக்கில் நிறுத்தவும் தொடங்கவும் முடியாது. இடையில் அறுந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கைப்பழக்கம் திரும்பி வராது. கட்டியைப் பிடிக்காமல் விடத் தெரிந்தவர்கள், மின்னூட்டம் வடியவைக்கத் தெரிந்தவர்கள் உலகில் சில நூறு பேர் இருந்தால் அதிகம்.

நம் வகுப்பறையில்

லிசா கிளம்பி, தன் இடத்தைச் சேர ஒன்றரை ஆண்டு ஆகும். அதன்பின் நான்கரை ஆண்டு ஆய்வு. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு முதல் தரவு வரும்போது இருபத்தைந்து வயது கடந்திருக்கும். ஆராய்ச்சியில் இறங்கும் வயது.

அந்தத் தரவு எளிதானதாக இருக்காது. லிகோவில் பெரும்பாலான நேரம் மௌனம், நடுவில் ஒரு குரல். லிசாவிலோ எப்போதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி நேரம் போல. பல்லாயிரம் வெண் குறுமீன் இணைகள், ராட்சத மோதல்கள், மெல்லச் சுற்றி இறங்கும் குட்டிகள், கருவியின் சொந்த இரைச்சல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிரித்தெடுக்க வேண்டும். இதற்குத் தேவை கணிதம், புள்ளியியல், நிரல் எழுதும் திறமை. மூன்றும் தமிழ்நாட்டின் கல்லூரிகளில் குறைவில்லாமல் இருப்பவை. முதல் ஈர்ப்பு அலைக் கண்டுபிடிப்பின் கட்டுரையில் கையெழுத்திட்ட நிறுவனங்களில் சிறுசேரியின் சென்னைக் கணிதவியல் கழகமும் ஒன்று. பல்சார் கண்காணிப்பில் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. வழி போட்டாகிவிட்டது, கூட்டம் போதவில்லை.

இயற்பியல் ஆசிரியர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லிசாவின் தரவு எப்படி இருக்கும் என்று கணினியில் உருவாக்கிய மாதிரித் தொகுப்புகளை அதன் அறிஞர் குழு பயிற்சிக்காக வெளியிட்டிருக்கிறது. சங்கிரியா என்பது அதில் ஒன்றின் பெயர். லிகோவின் திறந்த தரவு மையத்தில் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான நிஜ அதிர்வும், அதைப் பிரித்தெடுக்கும் பைத்தான் பயிற்சிகளும் இருக்கின்றன. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆய்வக வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். 130 கோடி ஆண்டு பயணம் செய்து வந்த அந்த ஒலியை மாணவர்கள் தங்கள் கையாலேயே இரைச்சலிலிருந்து எடுத்துக் கேட்கட்டும்.